காசு கேட்கும் நேரம்

2008 ஆகஸ்ட். ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'ஐ ஆம் ரிச்' என்றொரு செயலி அங்கே விற்பனைக்கு வந்தது. ஆர்மின் ஹைன்ரிக் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. திறந்தால் திரையில் ஒரு சிவப்புக் கல் மின்னும். ஓரத்தில் தட்டினால், நான் பணக்காரன், அதற்குத் தகுதியானவன் என்கிற தோரணையில் சில வரிகள் வரும். அதிலும் ஓர் எழுத்துப்பிழை. அவ்வளவுதான் அந்தச் செயலி. விலை 999.99 டாலர். ஆப்பிள் அன்று அனுமதித்த உச்ச விலை அது; அன்றைய மதிப்பில் நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். மறுநாளே ஆப்பிள் அதைத் தூக்கிவிட்டது. அதற்குள் எட்டுப் பேர் வாங்கியிருந்தார்கள்.

இன்னொரு பக்கம் வாட்ஸ்அப். முதல் வருடம் இலவசம், பிறகு வருடத்துக்கு 99 சென்ட் என்று அது ஒரு காலத்தில் கட்டணம் வைத்திருந்தது பலருக்கு மறந்திருக்கும். நம் காசில் மாதத்துக்கு ஐந்து ரூபாய் சொச்சம். அந்த ஐந்து ரூபாய் கிளப்பிய பீதி கொஞ்சமல்ல. இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் நாளை முதல் வாட்ஸ்அப்புக்குக் காசு கட்ட வேண்டும் என்று ஒரு தகவல் குடும்பக் குழுக்களில் வருடக்கணக்கில் சுற்றியது. 2016 ஜனவரியில் நிறுவனம் கட்டணத்தையே எடுத்துவிட்ட பிறகும் அந்தத் தகவல் ஓயவில்லை.

ஒன்றுக்கும் உதவாத கல்லுக்கு ஆயிரம் டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கும் செயலிக்கு மாதம் ஐந்து ரூபாய் கொடுக்க மனம் வரவில்லை. இலவசத்துக்குப் பழகிப்போன ஜனங்கள் என்று இதற்கு ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல பத்தாண்டுகளாகப் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு செயலிக்கு நாம் எவ்வளவு கொடுப்போம் என்பதைத் தீர்மானிப்பதில், செயலியின் தரத்துக்கு இருக்கும் பங்கைவிட, காசு எப்போது கேட்கப்படுகிறது என்பதற்குப் பங்கு அதிகம். கைக்கு வருவதற்கு முன்பா, வந்து ஒட்டிக்கொண்ட பிறகா?

முதலில், ஒருவர் ஒரு பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பார் என்று எப்படி அளப்பது? நேரே கேட்டால் சரியான பதில் வராது. கேட்பவர் விற்பவர் என்று தெரிந்தால் குறைத்துச் சொல்வோம். வெறும் கருத்துக்கணிப்புதான் என்றால், நம் பையிலிருந்து போகப்போவதில்லை என்ற தைரியத்தில் தாராளமாகச் சொல்வோம். இந்தச் செயலி வந்தால் காசு கொடுத்து வாங்குவேன் என்று கணிப்பில் கைதூக்கியவர்களை நம்பிக் கடன் வாங்கி நொடித்துப்போன சிறு நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு.

1964இல் கோர்டன் பெக்கர், மோரிஸ் டிகிரூட், ஜேக்கப் மார்ஷாக் மூவரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். இன்றும் ஆய்வுக்கூடங்களில் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. உங்களிடம் ஒரு செயலியைக் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீங்கள் தரக்கூடிய உச்ச விலையைத் தாளில் எழுத வேண்டும். பிறகு 1 முதல் 200 வரை எண்கள் உள்ள சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். சீட்டில் வந்த எண் நீங்கள் எழுதியதைவிடக் கூடுதலாக இருந்தால் செயலி உங்களுக்குக் கிடையாது, காசும் போகாது. குறைவாகவோ சமமாகவோ இருந்தால் வாங்கியே தீர வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய விலைக்கல்ல, சீட்டில் வந்த விலைக்கு.

சூட்சுமம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. உங்கள் மனத்தில் உள்ள மதிப்பு 80 ரூபாய். சாமர்த்தியமாக 50 என்று எழுதுகிறீர்கள். சீட்டில் 60 வந்தால்? 60 ரூபாய்க்குச் சந்தோஷமாக வாங்கியிருப்பீர்கள், கைநழுவிப் போகிறது. ஜம்பத்துக்கு 120 என்று எழுதி, சீட்டில் 110 வந்தாலோ, 80 ரூபாய்ப் பொருளுக்கு 110 அழ வேண்டும். குறைத்தாலும் நஷ்டம், கூட்டினாலும் நஷ்டம். 80 என்று உள்ளதை உள்ளபடி எழுதுவது மட்டுமே லாபம். பொய் சொல்ல வேண்டிய அவசியத்தையே எடுத்துவிட்ட கேள்வி இது. வெறும் கணிப்புக்கும், நிஜமாகவே காசு கைமாறும் இத்தகைய சோதனைக்கும் உள்ள வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் எண்களை எடைபோட முடியும்.

பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கலாம். கிறிஸ்டினா ஷாம்பானியர், நீனா மசார், டான் ஏரியலி மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மேசை போட்டு இரண்டு சாக்லேட்டுகளை விற்றார்கள். உயர்ரக லின்ட் 15 சென்ட். சாதாரண ஹெர்ஷி 1 சென்ட். ஆளுக்கு ஒன்றுதான். வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் லின்ட்டை எடுத்தார்கள். பிறகு இரண்டிலும் ஒரே ஒரு சென்ட்டைக் குறைத்தார்கள். லின்ட் 14, ஹெர்ஷி இலவசம். விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான். கணக்குப்படி யாரும் மனம் மாறக் காரணமில்லை. ஆனால் 69 சதவீதம் பேர் ஹெர்ஷி பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பூஜ்ஜியம் என்பது ஒன்றைவிட ஒரு படி குறைந்த விலை அல்ல. அது தனி ஜாதி என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஏரியலி பங்கேற்ற வேறொரு கட்டுரை, தரவு போலியானது என்று தெரியவந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அவர் பெயர் வந்தாலே இப்போது பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள், உயர்த்த வேண்டியதுதான். ஆனால் சாக்லேட் மேசை சொன்னதைச் செயலிக் கடைகள் பல கோடி மடங்கு பெரிய அளவில் நமக்குச் செய்து காட்டிவிட்டன.

ஆப் ஸ்டோர் திறந்தபோது காசுச் செயலிகளுக்கான அடிமட்ட விலை 99 சென்ட். எல்லோரும் சீக்கிரமே அந்த அடிமட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2009 இறுதியில் பின்லாந்திலிருந்து வந்து உலகைக் கலக்கிய ஆங்கிரி பேர்ட்ஸின் விலையும் 99 சென்ட்தான். ஒரு பொருளின் நியாய விலை என்று நம் மனத்தில் படிவது, அதைச் செய்ய ஆன செலவால் வருவதல்ல. பக்கத்தில் இருப்பதன் விலையால் வருவது. பக்கத்தில் எல்லாமே 99 சென்ட் என்றால் மூன்று டாலர் கேட்பவர் கொள்ளைக்காரர் ஆகிவிடுவார். ஆனால் பெரிய திருப்பம் 2009 அக்டோபரில் நடந்தது. இலவசச் செயலிகளும் உள்ளுக்குள்ளே பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்தது. இதன் பிறகு 99 சென்ட் என்பதே அதிக விலையாகிவிட்டது.

லண்டனைச் சேர்ந்த அஸ்டூ நிறுவனத்தின் 'மானுமென்ட் வேலி' 2014இல் வந்தது. ஓவியம் போன்ற கட்டடங்களுக்குள் ஒரு சின்ன இளவரசி வழி தேடிப் போகும் விளையாட்டு. ஆப்பிளின் வடிவமைப்பு விருதும் வாங்கியது. விலை 3.99 டாலர், ஒரே தடவை. விளம்பரம் கிடையாது, உள்ளே உண்டியல் கிடையாது. அந்த ஆண்டு நவம்பரில் புதிய கட்டங்களைச் சேர்த்து 1.99 டாலருக்குத் தந்தார்கள். முன்பே காசு கொடுத்துவிட்டோமே, இது என்ன மறுபடியும் என்று கொதித்தவர்கள் வரிசையாக ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் புதிய பகுதியைச் செய்யப் பல மாதங்கள் ஆகியிருந்தன. 2015 ஜனவரியில் அந்நிறுவனம் இன்னொரு விவரத்தையும் வெளியிட்டது: ஐபோன், ஐபேடில் நிறுவப்பட்டவற்றில் 40 சதவீதமே காசு கொடுத்து வாங்கியவை, ஆண்ட்ராய்டில் 5 சதவீதம். ஒருவரே வாங்கி இரண்டு மூன்று கருவிகளில் போட்டுக்கொள்வதும் மீதிக் கணக்கில் வரும் என்றாலும், 5 சதவீதம் 5 சதவீதம்தான்.

நிண்டெண்டோ இன்னும் துணிந்து பார்த்தது. 2016 டிசம்பரில் 'சூப்பர் மாரியோ ரன்' வந்தது. முதல் சில கட்டங்கள் இலவசம். முழுதும் ஆட 9.99 டாலர். மாரியோவை அறியாத வீடு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கிடையாது. ஒன்றரை மாதத்துக்குள் 7.8 கோடி முறை பதிவிறக்கினார்கள். காசு கொடுத்தவர்கள் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். அடுத்து வந்த 'ஃபயர் எம்பளம் ஹீரோஸ்' அந்தப் புகழில் ஒரு சிறு பங்குகூட இல்லாத விளையாட்டு. ஆனால் இலவசமாகக் கொடுத்து, உள்ளே குலுக்கல் முறையில் வீரர்களை விற்றது. வருமானத்தில் மாரியோவை முந்திவிட்டது. பத்து டாலரை முகத்துக்கு நேரே கேட்டவர் தோற்றார். ஒன்றும் வேண்டாம், முதலில் ஆடுங்கள் என்று உட்காரவைத்தவர் ஜெயித்தார்.

அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது? எபிக் கேம்ஸுக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் 2021 செப்டம்பரில் கலிபோர்னியா நீதிபதி இவான் கோன்சாலஸ் ராஜர்ஸ் அளித்த தீர்ப்பு இதற்கு நல்ல ஆவணம். நிறுவனங்கள் வெளியே சொல்லாத கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. ஆப் ஸ்டோர் வருமானத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் விளையாட்டுகளிலிருந்து வந்தது. அந்த 70 சதவீதத்தைத் தந்தவர்கள் வாடிக்கையாளர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட கணக்குகளிலிருந்து கிட்டத்தட்ட ஒரு பைசாவும் வரவில்லை. இதற்கு முன் 2014இல் ஸ்வர்வ் என்ற நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, மொபைல் விளையாட்டுகளின் உள்விற்பனை வருமானத்தில் பாதியைத் தருபவர்கள் ஆட்டக்காரர்களில் 0.15 சதவீதமே என்றது. பத்தாயிரம் பேரில் பதினைந்து பேர்.

ஊர்த் திருவிழாவுக்கு நாலு உபயதாரர்கள் செலவை ஏற்க, ஊரே வேடிக்கை பார்ப்பது போல என்று இதை நியாயப்படுத்துபவர்கள் உண்டு. உபயதாரருக்குத் தான் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும். கல்வெட்டில் பெயரும் வரும். இங்கே பலருக்குக் கொடுத்ததே தெரியாது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014 ஜனவரியில் ஆப்பிளுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோர்களுக்கு அந்நிறுவனம் திருப்பித் தர வேண்டியிருந்தது. பிரச்சினை இதுதான்: பெற்றோர் ஒரு முறை கடவுச்சொல்லைப் போட்டால், அடுத்த 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காமலே குழந்தை எத்தனை முறை தட்டினாலும் காசு போகும். செல்லப்பிராணி விடுதி விளையாட்டு ஒன்றில் ஒரு சிறுமி 2,600 டாலர் செலவழித்ததாக ஆணையத்துக்கு வந்த புகார்களில் ஒன்று சொன்னது. இந்த வகையில் வரும் காசை, மக்கள் கொடுக்க இசைந்த காசு என்று எண்ணுவது பொருளியலுக்கே அவமானம்.

இனி மறுபக்கம். வாங்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்காமல், விட்டுவிட எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்?

டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் எல்லோரும் அறிந்தது. கார்னெல் பல்கலைக்கழக வகுப்பு ஒன்றில் பாதி மாணவர்களுக்குக் காப்பிக் கோப்பைகளைச் சும்மா கொடுத்தார்கள். கடையில் ஆறு டாலர் விற்கும் கோப்பை. கிடைத்தவர்கள் அதை விற்கலாம், கிடைக்காதவர்கள் வாங்கலாம். விற்பவர்களின் இடைநிலை விலை 5.25 டாலர். வாங்குபவர்களுடையது இரண்டே கால் முதல் இரண்டே முக்கால் டாலர் வரை. கோப்பை கைக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அது என் கோப்பை ஆகி, மதிப்பு இரட்டித்துவிட்டது.

கோப்பைக்கே இரட்டிப்பு என்றால், வருடக்கணக்கில் புழங்கிய செயலிக்கு? சட்டப் பேராசிரியர் காஸ் சன்ஸ்டீன் அமெரிக்கர்களிடம் ஃபேஸ்புக்கை வைத்து இரண்டு விதமாகக் கேட்டார். பயன்படுத்த மாதத்துக்கு எவ்வளவு தருவீர்கள்? இடைநிலைப் பதில் 1 டாலர். நிறுத்திவிட மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்? 59 டாலர். இது வெறும் கணிப்பு, காசு கைமாறவில்லை. அதனால் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு டாலர் என்றவர்களில் பலர், காசு கேட்கும் எண்ணத்தையே கண்டிக்கும் விதமாக அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று அவரே எழுதுகிறார். அப்படியே இருந்தாலும் ஒன்றுக்கு ஐம்பத்தொன்பது என்பது கோப்பைக் கணக்கில் அடங்காத இடைவெளி.

நிஜக் காசு வைத்துச் செய்த ஆய்வும் இருக்கிறது. எரிக் பிரின்யோல்ஃப்சன், அவினாஷ் காலிஸ், ஃபெலிக்ஸ் எக்கர்ஸ் மூவரும் 2019இல் வெளியிட்டது. ஃபேஸ்புக்கை ஒரு மாதம் விட எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, உண்மையாகவே காசு கொடுத்து நிறுத்தவைத்தார்கள். இடைநிலைத் தொகை 2016இல் 48 டாலர் அளவில் இருந்தது; அடுத்த ஆண்டு 38 டாலர் அளவுக்கு இறங்கியது. நெதர்லாந்தின் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்களிடம் பல செயலிகளை வைத்துக் கேட்டார்கள். ஒரு மாதம் வரைபடச் செயலியை விட 59 யூரோ. ஃபேஸ்புக்குக்கு 97. இன்ஸ்டாகிராமுக்கு ஏழு யூரோகூட இல்லை. ஸ்கைப்புக்கு 18 சென்ட். ட்விட்டருக்குப் பூஜ்ஜியம், சும்மாவே விட்டுவிடுகிறோம் என்றார்கள். வாட்ஸ்அப்புக்கு? 536 யூரோ. மாதம் ஒன்றுக்கு.

வருடத்துக்கு ஒரு டாலர் கேட்டுப் பீதியைக் கிளப்பிய அதே வாட்ஸ்அப்தான். நெதர்லாந்தில் வகுப்பு, வாடகை வீடு, காதல், வேலை எல்லாமே அதில் நடக்கிறது. தனியாக ஒருவர் அதை விட்டால் ஊரிலிருந்தே விலகிய மாதிரி. நம் ஊரிலும் அப்படித்தான். இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஒன்று, கையில் இல்லாததற்குக் கொடுக்கும் விலை. மற்றது, கையில் இருப்பதைப் பிடுங்கினால் கேட்கும் நஷ்டஈடு. செயலி ஒன்றே, மனிதர் ஒருவரே, கேள்வி வேறு.

இந்த 536 யூரோவை வாட்ஸ்அப் தரும் மகிழ்ச்சியின் அளவு என்று எடுத்துக்கொள்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்டோ பர்ஸ்டைன் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தயக்கத்தை வலுவாக்குகிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள்: நீங்கள் மட்டும் நான்கு வாரம் டிக்டாக்கை விட எவ்வளவு வேண்டும்? சராசரி 59 டாலர். இன்ஸ்டாகிராமுக்கு 47. அடுத்து இன்னொரு கேள்வி: உங்கள் கல்லூரியில் எல்லோருமே சேர்ந்து விட்டுவிடுவதாக இருந்தால்? இப்போது மாணவர்கள் காசு கேட்கவில்லை. அப்படி நடப்பதற்காகத் தாங்களே காசு தர முன்வந்தார்கள். டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10. அதாவது, அந்தச் செயலி இல்லாத உலகமே அவர்களுக்கு மேல். ஆனால் அது இருக்கும்வரை தான் மட்டும் வெளியே நிற்க முடியாது. 59 டாலர் ரசனையின் விலை அல்ல. தனித்துவிடப்படும் பயத்தின் விலை.

காசு வேண்டாம் என்று வரும் செயலி வேறொன்றை எடுத்துக்கொள்கிறது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தும் எவ்வளவு மதிக்கிறோம்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட் சாவேஜ், டொனால்ட் வால்ட்மன் இருவரும் 2013இல் அமெரிக்காவில் 1,726 பேரிடம் இதைக் கேட்டார்கள். ஒரே வேலையைச் செய்யும் செயலிகளில், உங்கள் விவரங்களில் எதைத் தொடக் கூடாது என்பதற்கு எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று. இணையத்தில் எங்கெல்லாம் போனோம் என்ற வரலாற்றை மறைக்க 2.28 டாலர். தொடர்புப் பட்டியலுக்கு 4.05. இருக்கும் இடத்தை மறைக்க 1.19. போனின் அடையாள எண்ணுக்கு 1.75. குறுஞ்செய்திகளைப் படிக்காதிருக்க 3.58. விளம்பரமே வராதிருக்க 2.12. எல்லாமே ஒரே தடவை கொடுக்கும் தொகை. நாம் இருக்கும் இடத்தைவிட நம் சொந்தக்காரர்கள், நண்பர்களின் எண்களை மூன்று மடங்குக்கும் மேல் மதிக்கிறோம் என்பது எனக்குப் பிடித்த விவரம். அதே ஆண்டு டிசம்பரில், கோடிக்கணக்கானோர் பதிவிறக்கிய ஒரு டார்ச் லைட் செயலி, பயனர் நிற்கும் இடத்தையும் கருவியின் அடையாளத்தையும் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வெளிச்சத்துக்கு இடம் எதற்கு என்று அதை நிறுவும்போது யாரும் கேட்கவில்லை.

பத்தாண்டு கழித்து இந்தக் கேள்வி ஆய்விலிருந்து கடைக்கு வந்தது. ஐரோப்பியச் சட்டங்களின் நெருக்கடியில், 2023 நவம்பரில் மெட்டா அங்கே ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் விளம்பரமில்லாத கட்டணத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கணினி வழியாகக் கட்டினால் மாதம் 9.99 யூரோ, போன் வழியாக 12.99. அந்த மூன்று யூரோ, ஆப்பிளும் கூகுளும் எடுக்கும் கமிஷனுக்காக. ஓராண்டில் விலையை 5.99, 7.99 என்று இறக்க வேண்டிவந்தது. காசு கட்டு அல்லது கண்காணிப்புக்குச் சம்மதி என்ற அந்த இரட்டைத் தேர்வு செல்லாது என்று சொல்லி ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதமும் விதித்தது.

இப்போது இந்தியா. பதிவிறக்கத்தில் உலகின் முதல் வரிசையில் இருக்கும் நாடு. செலவழிப்பதில் அந்த வரிசையில் கண்ணுக்கே தெரியாது. வருமானம் ஒரு காரணம், மறுக்க முடியாது. விலையைக் குறைத்துப் பார்த்தார்கள். 2015இல் கூகுள் இங்கே காசுச் செயலியின் குறைந்தபட்ச விலையை 50 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறக்கியது. நெட்ஃப்ளிக்ஸ் 2019இல் மொபைலுக்கு மட்டும் 199 ரூபாய் என்று தனித் திட்டம் போட்டு, 2021இல் அதை 149 ஆக்கியது. ஆனால் தொகை மட்டும் தடையல்ல. கொடுக்கும் வழியும் தடை. வாட்ஸ்அப் கட்டணத்தை எடுத்தபோது சொன்ன காரணமே, பயனர்களில் பலரிடம் டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ இல்லை, ஒரு வருடம் முடிந்ததும் சொந்தபந்தங்களின் தொடர்பு அறுந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள் என்பதுதான்.

இந்தியர்கள் எதற்கும் காசு தர மாட்டார்கள் என்ற பேச்சுக்கு 2017இலேயே பதில் கிடைத்துவிட்டது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, பேச்சும் டேட்டாவும் இலவசம் என்று மாதக்கணக்கில் அள்ளிக் கொடுத்தது. 2017 மார்ச் முடிவில் வாடிக்கையாளர் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியிருந்தது. அப்போது 99 ரூபாய் உறுப்பினர் கட்டணம் கேட்டார்கள். 7.2 கோடிப் பேர் கட்டினார்கள். மாரியோவுக்குக் கிடைத்த ஐந்து சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதம் தினமும் வீடியோ பார்த்துப் பழகியவரிடம் கேட்கப்பட்டது வாங்கும் விலை அல்ல. விட்டுவிட மனமில்லாதவரின் விலை. கோப்பை ஏற்கெனவே கையில் இருந்தது.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கின்றன. ஓப்பன்ஏஐ 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கென்றே சாட்ஜிபிடி கோ திட்டத்தை மாதம் 399 ரூபாய்க்கு அறிமுகப்படுத்தியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 4 முதல் சேர்பவர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றது. அதே ஆண்டில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ ஓராண்டு இலவசமாகக் கிடைத்தது; ஜியோ வாடிக்கையாளர்களுக்கு கூகுளின் ஜெமினி 18 மாதம் இலவசமாகக் கிடைத்தது. ஒன்றின் மதிப்பு 17,000 ரூபாய், மற்றதன் மதிப்பு 35,100 ரூபாய் என்று விளம்பரத்தில் தவறாமல் போட்டார்கள். இலவசப் பொருளுக்கு எதற்கு விலைச்சீட்டு? பின்னால் மாதக் கட்டணம் கேட்கும்போது அது சில்லறையாகத் தெரிவதற்குத்தான். இந்தத் திட்டங்களை நான் குறை சொல்லவில்லை. கிடைத்தால் பயன்படுத்துங்கள், நல்ல வசதிகள்தான். ஆனால் இது தானம் இல்லை, முதலீடு.

இலவசம் முடிந்து காசு ஓடத் தொடங்கிய பிறகு நடப்பது இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் லிரான் ஐனாவ், பென் க்ளோபாக், நீல் மஹோனி மூவரும் பத்துப் பிரபல சந்தாச் சேவைகளின் கட்டண விவரங்களை ஆராய்ந்தார்கள். கிரெடிட் கார்டு காலாவதியாகிப் புதிது வரும் மாதத்தை உற்றுப் பார்த்தார்கள். அப்போது மட்டும் சந்தாதாரர் புது எண்ணைக் கைப்பட நிரப்ப வேண்டும். அதாவது, இது வேண்டுமா என்று ஒரு கணமாவது யோசித்தாக வேண்டும். சரியாக அந்த மாதத்தில் சந்தாவைக் கைவிடுவோர் எண்ணிக்கை எகிறியது. மறதியாலும் சோம்பலாலும் தொடரும் சந்தாக்களால் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் வருமானம், சேவையைப் பொறுத்து 14 சதவீதத்திலிருந்து 200 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. இங்கே வாங்கும் விலையும் இல்லை, விட்டுவிடும் விலையும் இல்லை. யாரும் எதையும் கேட்கவே இல்லை என்பதற்கான விலை.

நமக்கு இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகக் காசு எடுக்கப்படும் சந்தாக்களுக்கு, எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஒரு கட்டணத்தையோ, மொத்த அனுமதியையோ நிறுத்தும் வழியையும் தர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரக் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். அது வரும் அன்று, இதை விட்டுவிட மனம் வருமா என்று உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டாம், வராது. இது என்னிடம் இல்லை, இன்று கடையில் இந்த விலைக்கு இருக்கிறது, வாங்குவேனா என்று கேளுங்கள். வாங்குவேன் என்றால் கட்டுங்கள். மாட்டேன் என்றால் 24 மணி நேரம் இருக்கிறது, நிறுத்திவிடுங்கள்.